அடுத்த பேட்டரி வரும்வரை

மாரண்டஹள்ளிக்கு மேற்கே உள்ள சிற்றூர்களில் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று தக்காளி போடுகிறவர்கள் பலர். ஒரு பறிப்புக்கு அவர்களிடம் சேர்வது சில கூடைகள்தாம். அதற்கென்று டெம்போ பேச முடியாது. பேருந்தில் ஏற்றினால் பாதி நசுங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் கூடைகளை வாசலில் அடுக்கிவிட்டு அவர்கள் மாதுவின் லோடு ஆட்டோவுக்குக் காத்திருப்பார்கள். அதற்காகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி ஏரிக்கரையில் திரும்பும்போதே ஊர் நாய்கள் அனைத்தும் எழுந்து குரைக்கும்.

இளமையில் மாது சென்னைக்குத் தக்காளி ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தவர். பெரியம்மாளைக் கட்டிக்கொண்டபின் வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்டு, யாரோ ஓட்டிக் கழித்த டீசல் ஆட்டோ ஒன்றை வாங்கினார். கூடைகளை ஏற்றுவது, பாலக்கோடு மார்க்கெட்டில் ஏலத்துக்கு வைப்பது, விற்ற விலையை உள்ளபடி கொண்டுவந்து சொல்வது எல்லாம் அவரே. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாலக்கோட்டில் இறக்கியது போக மீதியைப் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். அங்கே அவருக்கென்று சில்லறை வியாபாரிகள் இருந்தார்கள். 'மாதண்ணன் காய்' என்று பேர் சொல்லி வாங்குவார்கள். அந்த ஒரு நாளை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவருடைய பழக்கங்களில் ஒன்றை மட்டும் இங்கே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆனி மாதத்தில், விலை விழுந்துகொண்டே போகிறது என்று பயந்து, அமுதவல்லி என்ற தனிப்பெண்ணின் காயை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மறுநாளே விலை பல மடங்கு ஏறியது. அமுதவல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலிக் கூடைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் மறந்திருப்பார். அதன்பிறகு மாது நல்ல விலைக்குப் பொறுத்திருக்கிறவர் ஆனார். செங்காயாகப் பறித்தால் தக்காளி ஓரிரு நாள் தாங்கும். "ஒரு சந்தை பொறுத்துப் பாப்பம்" என்பார். பெரும்பாலும் அவர் பொறுத்தது வீண்போகவில்லை. அதனால் அது அவருக்கு வியாபார உத்தியாக இல்லாமல் குணமாகவே ஆகிவிட்டது.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம், ஒத்தடம், நாட்டு வைத்தியரின் கட்டு எல்லாம் ஆனபின் தர்மபுரியில் ஒரு மருத்துவரிடம் போனார். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"என்ன வண்டி ஓட்டறீங்க?"

"டீசல் ஆட்டோங்க. பழசு."

"அது தூக்கித் தூக்கிப் போடறது எல்லாம் இங்கதான் வந்து சேருது. நரம்பை நசுக்க ஆரம்பிச்சிருக்கு. வண்டிய மாத்துங்க, இல்லாட்டி வேலைய மாத்துங்க. சும்மா தள்ளிப்போடாதீங்க."

வீடு திரும்பியதும் மாது இதை மகளிடம் சொன்னார். சந்தியா டிப்ளமா முடித்து, ஓசூர்ப் பக்கம் மின்வாகனங்களுக்குப் பேட்டரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கம்பெனிப் பேருந்து மாரண்டஹள்ளிக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மாது நாலு பேர் இருக்கும்போது கையில் எடுத்துப் பார்ப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ வாங்கிடலாம்ப்பா. எஞ்சினே கிடையாது. ஆட்டம் இருக்காது. உங்க இடுப்புக்கு அதான் சரி" என்றாள் சந்தியா.

மூவரும் தர்மபுரி ஷோரூமுக்குப் போனார்கள். மாது ஓட்டிப் பார்த்தார். வண்டி கிளம்பியதே அவருக்குத் தெரியவில்லை. சாலையின் ஒரு முனைவரை போய்த் திரும்பி வந்து இறங்கியவர், கைப்பிடியை விடாமல் நின்றார்.

"என்னங்க, பேச்சையே காணோம்?" என்று பெரியம்மாள் கேட்டாள்.

"ஓடுதாடி இது? தண்ணிமேல போறாப்பல இருக்குது."

"இனிமே நாய்ங்களுக்கும் வேலை இல்ல. எழுப்பறதுக்கு நீங்களே வூடு வூடா போயி கதவத் தட்டணும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே முன்பணம் கட்டியிருப்பார். ஆனால் சந்தியா விற்பனையாளரிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். லோடு ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும், மேட்டில் எவ்வளவு குறையும், மூன்று வருடம் கழித்து எவ்வளவு தாங்கும். அவள் கேட்கக் கேட்க மாதுவின் முகத்தில் பெருமை ஏறியது. பேருந்தில் திரும்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க பிளான்ட்ல புதுசா ஒரு லைன் போடறாங்க. இதே வண்டிக்குத்தான். பெரிய செல்லு. இப்ப இருக்கறதைவிட ரொம்ப தூரம் போவும், சீக்கிரம் சார்ஜ் ஏறும். அது வந்துச்சுன்னா பழசை யாரும் சீந்த மாட்டாங்க."

"இப்ப இருக்கறது நம்ம தூரத்துக்குப் பத்தாதா?"

"பாலக்கோடு போய் வர்றதுக்குத் தாராளமாப் பத்தும். பாப்பாரப்பட்டி போற அன்னிக்குத்தான் இழுக்கும். லோடோட மேட்டுல நின்னுட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

"எப்ப வருதாம் புதுசு?"

"தைக்குள்ள வந்துரும்னு பேசிக்கிறாங்க."

முன்சீட்டிலிருந்த பெரியம்மாள் திரும்பினாள். "வாரத்துல ஒரு நாள் பாப்பாரப்பட்டிக்கு என் தம்பி குள்ளன் ஏத்திக்கிட்டுப் போவான். அவனும் வண்டிதான வெச்சிருக்கறான்? அதுக்கோசரம் ஆறு நாளும் இந்த இடிசல்ல உக்காரணுமா?"

"அவன் காயி வேற, என் காயி வேற" என்றார் மாது. பிறகு, தாம் நன்றாக அறிந்த தொழிலின் குரலில், "ஒரு சந்தை பொறுத்துப் பாப்பம்" என்றார்.

அவருடைய தவறு அங்கே தொடங்கியது. அவர் ஏமாந்துவிடவில்லை, மகள் சொன்னது உண்மை. விலை ஏறப்போகிறது என்று திடமாகத் தெரிந்தும் முந்தின நாளே காயைத் தள்ளிவிடும் வியாபாரி உண்டா? அவ்வளவுதான் அவருடைய கணக்கு. பொறுத்திருக்கும்போது காயைத்தான் பார்க்க வேண்டும், விலையை அல்ல என்பது மார்க்கெட்டில் அவர் மறக்காத பாடம். காம்புப் பக்கம் மெத்தென்று ஆகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். இங்கே எதை அழுத்திப் பார்ப்பது என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் இருந்தது. பேட்டரி செய்கிற பெண்ணைப் பெற்றவன், அவள் 'பொறுங்கள்' என்று சொல்லியும் போய்ப் பழைய பேட்டரியை வாங்கினான் என்று ஊரில் நாலு பேர் சொல்லக்கூடாது.

தை வந்தது. புது லைன் வரவில்லை. தீப்பிடிக்காமல் இருப்பதற்கான சோதனைகளைக் கூட்டியிருப்பதாகச் சந்தியா சொன்னாள். "நல்லதுதான பாப்பா, அவசரப்பட்டு எரிஞ்சு போறதுக்கா?" என்று மாது அவளுக்குச் சமாதானம் சொன்னார். சித்திரை என்றார்கள், பிறகு ஆனிக் கடைசி என்றார்கள். ஆடியில் புது வண்டி எடுக்கும் வழக்கம் இல்லை. ஆவணியில் எடுத்துவிடலாம் என்றிருந்தபோது, ஆயுத பூஜைக்குக் கட்டாயம் புது மாடல் வெளிவரும் என்று கைப்பேசிக் காணொளியில் யாரோ ஒருவர் வண்டிமேல் கைவைத்துக்கொண்டு பேசினார். வந்தது வேறொரு வண்டி, நாலு சக்கரம். கார்த்திகை நழுவி மார்கழி பிறந்தது. மார்கழியிலும் வண்டி எடுப்பதில்லை. ஆகாத மாதங்களும் ஆலையின் தாமதங்களும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ஒன்று விட்ட இடத்தில் மற்றது பிடித்துக்கொண்டது.

பெரியம்மாளின் பிறந்தகம் கர்நாடக எல்லையை ஒட்டியது. அங்கே சில வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதி வைத்திருப்பார்களாம். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். தினமும் வரும், தினமும் படிக்கும்.

"எங்கூர்ல பேயத்தான் நாளே பான்னு திருப்பி அனுப்புவாங்க. நீங்க ரெண்டு பேரும் வண்டியத் திருப்பி அனுப்பறீங்க" என்றாள் ஒருநாள், அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"நீ தேய்க்கிறதப் பாரு. பேட்டரியப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

"பேட்டரியப் பத்தித் தெரியாது. இந்த முதுகப் பத்தித் தெரியும். போன வருசம் இங்க அமுக்குனா கத்துவீங்க. இப்பக் கத்த மாட்டேங்கறீங்க."

வலி குறைந்துவிட்டது என்றுதான் மாதுவும் நினைத்தார். குறைந்தது வலி அல்ல, உணர்ச்சி. இதை அவர் 2024ஆம் ஆண்டு வைகாசியில், பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வெளியே அறிந்துகொண்டார். காயை இறக்கிவிட்டுத் தேநீர்க் கடையில் நின்றபோது, கடைக்காரர் அவர் காலைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மாதண்ணா, ஒத்தச் செருப்போட கிளம்பிட்டீங்க? வூட்ல சண்டையா?"

மாது குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. வெறுங்காலால் இத்தனை தூரம் பிரேக் மிதித்து வந்திருக்கிறார். மிதிகட்டையின் சூடும் சொரசொரப்பும் அவருக்கு எட்டவேயில்லை. பாதத்தின் அடியில் எதிலோ கிழித்து இரத்தம் காய்ந்திருந்தது. அவர் சிரித்து, "ஆமாங்க, பாதிச் சண்டை" என்றார். தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் ஆடி போய்விடும், ஆவணியில் புது வண்டி வந்துவிடும் என்று எண்ணினார். வழியில் யாரும் குறுக்கே வராமல் இருக்க வேண்டுமே என்ற பயம் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் இருந்தது. பிரேக்கை மிதித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோது பாதத்தை மேலே தூக்க வரவில்லை, ஈரத்துணிபோலத் தொங்கியது. பெரியம்மாள் போட்ட கூச்சலில் குள்ளன் ஓடிவந்தான்.

சேலத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முதுகு நிமிர்ந்தது, பாதம் எழவில்லை. மூன்றாம் நாள் சந்தியா மருத்துவரை அறைக்கு வெளியே நடையில் நிறுத்திக் கேட்டாள்.

"வண்டியாலதானா சார்?"

"வண்டியால மட்டும்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வயசு, பாரம் தூக்கறது எல்லாம் சேரும். ஆனா அந்த வண்டி நல்லது பண்ணல. கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருந்தா நரம்பு தப்பிச்சிருக்கலாம்."

"எவ்வளவு முன்னாடி சார்?"

"அதை யாரும்மா சொல்ல முடியும்?"

கட்டிலில் கிடந்த மாதுவுக்கு இது கேட்டது. மகள் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தைக்குள் நிறுத்தியிருந்தால்? சித்திரைக்குள்? திட்டமான விடை இல்லாத கேள்வி அது. அதனால் அவள் அதை விடவேமாட்டாள். தம்முடைய காலைவிட அதுவே அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி அவர் நடக்கக் கற்றார். டீசல் ஆட்டோ பழைய இரும்புக்குப் போனது. கூடைகளைக் குள்ளன் ஏற்றிப்போனான். வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரைக் கடந்துதான் அந்த வண்டி போகும். குள்ளன் அங்கே மட்டும் வேகத்தைக் குறைப்பான். அவனுக்கு அது மரியாதை. மாதுவுக்கு அவன் வேகமாகப் போய்விட்டால் தேவலை என்றிருக்கும்.

அந்த வருடக் கடைசியில் புது பேட்டரி வந்தது. சந்தியா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதிக தூரம், விரைவான சார்ஜ். பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்தபிறகும் மீதம் இருக்கும். அவளையே அந்த லைனுக்கு மாற்றினார்கள். செய்தியை அவள் வீட்டில் சொல்லவில்லை. உடன் வேலை செய்யும் மேனகா பேருந்து நிறுத்தத்தில் பெரியம்மாளிடம் சொல்லித்தான் தெரிந்தது.

"நல்லா வந்திருக்குதாமே பாப்பா?" என்று மாது கேட்டார்.

"ம்."

"நீ சொன்னபடியேதான் வந்திருக்குது. நீ சொன்னதுல தப்பே இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா." அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "தப்பா இருந்துச்சுன்னாக்கூட மன்னிச்சிருவீங்க. நான் சொன்னது சரி. சரியாச் சொல்லித்தான் உங்களை அந்த வண்டியில உக்கார வெச்சேன்."

"உக்காந்தவன் நான்தான். எனக்கென்ன புத்தி இல்லியா?"

"வேலைய விட்டுரலாம்னு இருக்கறேன்."

"விட்டுட்டு?"

வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். மறுநாளும் கம்பெனிப் பேருந்து வந்தது, ஏறிப் போனாள். அதன்பிறகு தந்தையும் மகளும் சாப்பாடு, மாத்திரை, மழை, காய் விலை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். வண்டி என்ற சொல் மட்டும் அவர்களுக்கிடையே வரவில்லை.

அதை வெளியே இழுத்துப் போட்டவன் குள்ளன். 2025 ஆவணியில், சந்தியாவுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வந்து மாதுவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். உட்காரும்போது ஒரு கை இடுப்புக்குப் போனதை மாது கவனித்தார்.

"மாமா, எனக்கும் புடிச்சுக்கிச்சு. டீசல் வண்டிய ஒழிச்சிரலாம்னு பாக்கறேன். எலெக்ட்ரிக் வாங்கறதுக்கு லோன்கூடச் சரியாயிருச்சு."

"நல்லது மச்சான். வாங்கு."

"அதுலதான் ஒரு கொடைச்சல். வர்ற வருசம் வேற மாதிரி பேட்டரி வருதாமே? உப்புல பண்றாங்களாம். விலையும் கம்மியாவுமாம். இப்ப வாங்கிட்டு அப்பறம் வவுத்தெரிச்சல் படறதா, இல்ல அது வரட்டும்னு இருக்கறதா? நீங்க சொல்லுங்க."

உள்ளே கதவோரம் சந்தியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணியை உதறும் ஓசை நின்றது.

மாது கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இப்போதே வாங்கு என்றால், அது உள்ளே இருப்பவளுக்கு எழுதும் தீர்ப்பு. பொறு என்றால், எதிரே இருப்பவனின் இடுப்பு போகும். வாழ்நாளில் எத்தனையோ பேருக்குக் காயை இறக்கு, வை, தள்ளு என்று தயங்காமல் சொன்னவர், இரண்டு பேரையும் நோகடிக்காத ஒரு வார்த்தைக்காக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனவன் தோது எப்படியோ அப்படித்தான் மச்சான்..."

"அட, மழுப்பாதீங்க மாமா. பொறுத்துப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். உங்களக் கேக்காம யாரக் கேக்கறது?" என்றான் குள்ளன். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டான்.

சந்தியா வாசலுக்கு வந்தாள்.

"வாங்கிடுங்க மாமா. நாளைக்கே."

"இல்ல கண்ணு, அடுத்தது வருதுன்னு..."

"வருது. நெசமாத்தான் வருது. எங்க பிளான்ட்லயே பேச்சு இருக்குது. அது வந்தா அதுக்கும் அடுத்தது வரும். எது எப்ப வரும்னு ஒருவேளை நான் சொல்லிருவேன். அதுக்குள்ள உங்க இடுப்பு என்ன ஆவும்னு எங்க பிளான்ட்ல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப இருக்கறது உங்க தூரத்துக்குப் பத்துதா? பத்தும்னா வாங்கிடுங்க."

"பத்தும், பத்தும். தாராளமாப் பத்தும்."

"அன்னிக்கும் பத்திச்சு மாமா. வாரத்துல ஆறு நாளைக்குப் பத்திச்சு."

சொல்லிவிட்டு அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

குள்ளன் அவசரமாக எழுந்தான். "அப்பச் சரி. நாளைக்கே போயிடறேன். மாமா, நீங்களும் வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து..." என்று வழக்கத்தில் வந்துவிட்ட பேச்சைப் பாதியில் விழுங்கினான்.

"வரேன்டா" என்றார் மாது. "ஓட்டறவனுக்குத்தான் அதுல சீட்டு. பின்னாடி கூடையோட கூடையா உக்காந்துக்கறேன். என்னைய ஏலத்துல மட்டும் வுட்றாத."

குள்ளன் தேவைக்கு மேல் சிரித்தான். சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி, வண்டியைக் கிளப்பிப் போனான். சத்தம் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

சந்தியா முக்காலியில் உட்கார்ந்தாள். உன்மேல் தப்பில்லை என்று சொல்ல மாதுவுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லித்தான் அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று தோன்றவே, வாயை மூடிக்கொண்டார். அவள் குனிந்து அவருடைய வலது காலின் பட்டையைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சேலத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. அவர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். அவள் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள். எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். விடுமுறை நாட்களில் அவள் அதைத் தவறவிட்டதில்லை.

"மூடிக்கிட்டீங்களாப்பா?"

"மூடிக்கிட்டேன்."

"இது எது?"

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுத்தான் இருந்தது.

"கட்ட விரலு" என்றார், திடமாக.

"ஆமாப்பா" என்றாள் சந்தியா. "சரியாச் சொல்லிட்டீங்க. தெரிய ஆரம்பிச்சிருச்சு."

அவர் இமையைச் சற்றே திறந்து பார்த்தார். அவளுடைய ஒரு கை அவர் குதிகாலைத் தாங்கியிருந்தது. மற்றொரு கையால் அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களைத் தொடுவதற்கு அங்கே கையே இல்லை.

மாது கண்களை மறுபடி இறுக மூடிக்கொண்டார்.

"அடுத்த விரலத் தொடு பாப்பா" என்றார்.